வலி முட்டியில், வியாதி இடுப்பில்



கொஞ்சம் நீளமான பதிவு. டீக்குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வருஷம் தை மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், என் மகள் வயிற்றுப் பேரனை இரண்டு காலையும் அகட்டி வைத்த மாவுக்கட்டோடு பார்த்திருப்பீர்கள். அன்று முதல் எத்தனை போன்! "போலியோவா டீச்சர்?", "மாடியிலிருந்து விழுந்துட்டானாமே அக்கா?", "எலும்புல புற்றுன்னு சொல்றாங்களே, நெசமா?" ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் தெரிந்ததைப் பாதியும் முக்காலுமாகச் சொன்னேன். போன வாரம் புது எக்ஸ்ரே எடுத்தோம். இப்போது ஒரே தடவையாக முழுசும் எழுதிவிடலாம் என்று மகளிடமும் மருமகனிடமும் அனுமதி கேட்டேன். பேரனும் அனுமதி கொடுத்திருக்கிறான், பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதனால் இந்தப் பதிவில் அவன் வெறும் "சின்னவன்".

முதலில் எதெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். போலியோ இல்லை, புற்று இல்லை, எலும்பு முறிவும் இல்லை. வியாதியின் பெயர் பெர்த்தஸ். தொடை எலும்பின் மேல்முனைக்கு ரத்த ஓட்டம் நின்று, அந்த முனை செத்துப்போய், பிறகு தானே மறுபடி வளர்கிற வியாதி. நாலு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் வருவதுதான் அதிகம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு நாலைந்து மடங்கு கூடுதலாக வருகிறது.

சின்னவனுக்கு அப்போது ஏழே முக்கால் வயது. மூன்றாம் வகுப்பு. ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், சாயங்காலம் விளையாடிவிட்டு வரும்போது வலது காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தான். காலையில் எழுந்தால் சரியாகிவிடும். கேட்டால் "முட்டி வலிக்கு ஆச்சி" என்பான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தார், படம் சுத்தமாக இருந்தது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலி இருக்கிற இடத்தைத்தான் அவர் பார்த்தார். ஆனால் இந்த வியாதியின் சூழ்ச்சியே அதுதான். இடுப்பு மூட்டுக்குப் போகிற ஒரு நரம்பின் கிளை முழங்காலுக்கும் போகிறது. இடுப்பில் உண்டாகிற வலியை மூளை முழங்கால் கணக்கில் எழுதிவிடுகிறது.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கைக்குத் தெரிந்தது, வலது தொடை இடது தொடையைவிட மெலிந்திருக்கிறது என்று. அன்றைக்கே மதியம் இலை போட்டு உட்கார்ந்தபோது இன்னொன்றைப் பார்த்தேன். சம்மணம் போட்டால் இடது முட்டி தரையைத் தொடுகிறது. வலது முட்டி ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. "கீழ வையிலே" என்று அவன் தாத்தா சொன்னார். கையால் அழுத்தினான், இறங்கவில்லை. முட்டி நன்றாகத்தான் மடங்குகிறது, கால் அகல மறுக்கிறது என்றால் கோளாறு அதற்கு மேலே இருக்கிற கீலில்தான் இருக்க வேண்டும். மறுவாரமே மதுரைக்குப் போய்விட்டோம்.

மதுரையில் பிள்ளைகளுக்கான எலும்பு மருத்துவர் முட்டியைத் தொடவே இல்லை. படுக்க வைத்து இரண்டு கால்களையும் அகட்டினார், உள்பக்கமாகத் திருப்பினார். வலது கால் பாதியில் நின்றுவிட்டது. பிறகு இரண்டு இடுப்புக்கும் சேர்த்து நேராக ஒரு எக்ஸ்ரே, தவளை மாதிரி காலை மடக்கி அகட்டி வைத்து இன்னொரு எக்ஸ்ரே. காசநோயோ வேறு கிருமியோ இல்லை என்று உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இடது பக்கம் முழு நிலா மாதிரி உருண்டை. வலது பக்கம் நசுங்கி, வெளுத்து, நடுவே விரிசல் விட்ட ஒரு தட்டை.

இனி கொஞ்சம் பாடம். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்கள் தப்பிக்க முடியாது.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். வளர்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பந்துக்கும் அதன் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. கீழேயிருந்து வருகிற ரத்தக் குழாய்கள் அந்தத் தட்டைத் தாண்டி மேலே போக முடியாது. அதனால் கழுத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஏறுகிற சில மெல்லிய குழாய்களை நம்பித்தான் அந்தப் பந்து உயிர் வாழ்கிறது. நம் தாமிரபரணிக் கால்வாயில் கடைமடை வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற வயலுக்கு நாலு வாய்க்கால், கடைமடைக்கு ஒன்றே ஒன்று. அது அடைபட்டால் அந்த வயல் மட்டும் காயும்.

ஏன் அடைபடுகிறது என்பதற்கு மருத்துவ உலகத்தில் இன்னும் முடிவான பதில் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மகள். "நான் பால் சரியா குடுக்கலியோம்மா", "ஊஞ்சல்ல இருந்து விழுந்தப்ப பாக்காம விட்டுட்டேனோ" என்று ராத்திரி ராத்திரி அழுதாள். பால் குறைவால் வருவதில்லை. ஊஞ்சலிலிருந்து விழுந்ததாலும் வரவில்லை. கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் போகப்போவதும் இல்லை. பிள்ளைக்கு நோய் என்றால் முதல் குற்றவாளியாகத் தாயை நிறுத்துகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அவள் தனக்குத்தானே போதுமான அளவு செய்துகொண்டாள்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடித்ததை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதுவரை பிள்ளைகள் இடுப்பு வலியோடு நொண்டினால் காசநோய் என்றே பெரும்பாலும் எண்ணினார்கள். எக்ஸ்ரே வந்த பிறகுதான் சில பிள்ளைகளின் படம் வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. 1909இல் ஸ்வீடனைச் சேர்ந்த வால்டன்ஸ்ட்ரோம் இதை விவரித்தார். ஆனால் அவரும் காசநோய்க் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். 1910இல் அமெரிக்காவில் ஆர்தர் லெக், பிரான்சில் ழாக் கால்வே, ஜெர்மனியில் கியோர்க் பெர்த்தஸ் மூன்று பேரும் தனித்தனியாக, இது வேறு வியாதி என்று எழுதினார்கள். அதனால் முழுப்பெயர் லெக்–கால்வே–பெர்த்தஸ். சின்னவன் இந்த மூன்று பெயரையும் பள்ளிக்கூடத்தில் கடகடவென்று சொல்லி டீச்சரை அசத்தியிருக்கிறான்.

ஒருநாள் அவன் என்னைக் கேட்டான். "ஆச்சி, செத்துப்போன எலும்பு எனக்குள்ள இருக்குன்னா, நான் கொஞ்சம் செத்துட்டேனா?" முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் வேலையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். "பழைய எலும்பைத் தின்கிறதுக்குன்னே உடம்புல ஒரு கூட்டம் இருக்கு. அது தின்னத் தின்ன பின்னாலேயே இன்னொரு கூட்டம் புது எலும்பைக் கட்டிக்கிட்டே வரும். முழுசா முடிய ரெண்டு வருஷம் ஆகும், நாலு வருஷம்கூட ஆகலாம். நடுவுல ஒரு காலம், எலும்பு மாவு மாதிரி இளகிக் கிடக்கும். அப்பதான் ஆபத்து" என்று சொல்லி, பணியாரச் சட்டியை எடுத்துக் காட்டினேன். குழிக்குள் ஊற்றின மாவு குழியின் உருண்டைக்கே வேகிறது. குழிக்கு வெளியே வழிந்த மாவு அதன் இஷ்டத்துக்குப் போகிறது. "உன் பந்து குழிக்குள்ளேயே இருந்தா உருண்டையா வளரும். வெளியே வழிஞ்சா கோணலா வளரும். டாக்டர் செய்யப் போறது இவ்வளவுதான்."

உண்மையில் மருத்துவமே அவ்வளவுதான். செத்த எலும்புக்கு உயிர் கொடுக்கிற மருந்து கிடையாது. ரத்தக் குழாய்கள் தாமாகத் திரும்பி வரும். அதுவரை பந்தின் உருவம் கெடாமல் கிண்ணத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மேலை நாடுகளில் காலில் பாரம் விழக்கூடாது என்று பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்கப் போட்டார்கள். பிறகு கால்களை அகட்டி வைத்தால் பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக உட்காரும் என்று கண்டுகொண்டு, மாவுக்கட்டும் இரும்புச் சட்டங்களும் வந்தன. சின்னவனுக்குப் போட்டது பெட்ரி கட்டு. மான்ட்ரியல் மருத்துவர் பெட்ரி 1971இல் இதைப் பற்றி எழுதினார். இரண்டு காலுக்கும் தொடையிலிருந்து கீழே வரை மாவுக்கட்டு, நடுவே ஒரு கட்டை.

கல்யாணத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆறு வாரம். எங்கள் வீட்டு வாசல்கள் எத்தனை குறுகல் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கவாட்டில் சாய்த்துத்தான் தூக்கிப் போக வேண்டும். ஆட்டோவில் ஏற்ற முடியாது. கட்டுக்குள் அரிப்பு எடுத்தால் ஸ்கேலை விட்டுச் சொறியக் கேட்பான், கொடுக்கக்கூடாது, உள்ளே புண்ணாகிவிடும். முடி காயவைக்கிற மெஷினில் குளிர்ந்த காற்றை மட்டும் வைத்து ஊதுவோம். குப்புறப் படுத்துக்கொண்டு தாத்தாவோடு கேரம் ஆடி, அவரை ஒரு நாளைக்கு நாலு தடவை தோற்கடித்தான். (அவர் விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை.)

ஆனால் மாவுக்கட்டு என்பது வாசல்படி மட்டும்தான். இறுகிப்போன மூட்டு இளகி கால் அகல வேண்டும் என்பதற்காகப் போட்டது. அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்பதுதான் எங்களைத் தூங்கவிடாத கேள்வி.

மதுரை டாக்டர் செய்யலாம் என்றார். சென்னையில் மருமகனின் நண்பர் மூலம் கேட்ட டாக்டர், எட்டு வயதுக்குள்தானே, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இருவரும் படித்தவர்கள், இருவரும் நல்லவர்கள். மகள் என்னிடம் வந்து, "நீதான பயாலஜி டீச்சர், நீயே சொல்லு" என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். இரண்டு பேருமே சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஜான் ஹெர்ரிங் தலைமையில் செய்து 2004இல் வெளியான பெரிய ஆய்வு, எட்டு வயதுக்கு மேல் நோய் தொடங்கிய பிள்ளைகளில், பந்தின் வெளிப்பக்கத் தூண் ஓரளவு நிற்கிறவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்றது. எட்டுக்குள் இருந்து, தூண் அதே அளவு நின்றால், எப்படிச் செய்தாலும் பெரும்பாலும் நன்றாகவே ஆகிறது. நார்வே நாட்டில் 1996 முதல் 2000 வரை வந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்களோ, ஆறு வயதைத் தாண்டி, பந்தில் பாதிக்கு மேல் செத்திருந்தால் அறுவை சிகிச்சையே மேல் என்றார்கள். எங்கள் பிள்ளை ஏழே முக்கால்! சரியாக இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டிருந்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பெரிய மனிதர் உண்டு. கர்நாடகத்தில் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் பெஞ்சமின் ஜோசப். மேலைக் கடற்கரைப் பக்கம் இந்த வியாதி மிகுதியாக இருப்பதையும், நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் வயது கூடி வருவதையும் ஆராய்ந்து எழுதியவர். செய்வதாக இருந்தால் எலும்பு துண்டு துண்டாக உடைகிற கட்டம் முற்றுவதற்குள் செய்துவிட வேண்டும், பந்து நசுங்கிய பிறகு செய்து பிரயோஜனம் குறைவு என்பது அவர் காட்டியது. இதைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. "பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

சென்னை டாக்டரிடம் திரும்ப ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். "என்ன தெரிந்தால் நீங்கள் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" பந்தின் வெளி ஓரம் கிண்ணத்தை விட்டுப் பிதுங்க ஆரம்பித்தால் என்றார். மாவுக்கட்டைப் பிரித்ததும் எடுத்த படத்தை அனுப்பினோம். பிதுங்கத் தொடங்கியிருந்தது. பாதிக்கு மேல் செத்தும் இருந்தது. அன்று சாயங்காலமே அவர் போன் பண்ணி, "மதுரையில் சொன்னபடியே செய்யுங்கள்" என்றார். இந்த நேர்மைக்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு வாதமும் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாவுக்கு ஒரு நாட்டு வைத்தியர் மேல் பெரிய நம்பிக்கை. இழுத்து உருவி எண்ணெய்க்கட்டுப் போட்டால் நாற்பத்தெட்டு நாளில் ஓடுவான் என்றார்கள். அவர்கள் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "மதினி, உடைஞ்சிருந்தா சேர்த்துக் கட்டலாம், பிசகியிருந்தா இழுத்து வைக்கலாம். இங்க ரெண்டும் இல்ல. இளகின எலும்பைப் போட்டு உருவினா இன்னும் நசுங்கும்" என்று அதே பணியாரச் சட்டியைக் காட்டினேன். புரிந்துகொண்டார்கள். சனி பகவானே கால் ஊனமானவர், பிள்ளைக்கு ஏழரை நடக்கிறது, ஸ்ரீவைகுண்டம் போய் எள் தீபம் போடுவோம் என்றார்கள். போனோம், போட்டோம். அங்கிருந்து நேராக மதுரைக்குப் போனோம்.

மாசி மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. தொடை எலும்பைக் கழுத்துக்குக் கீழே அறுத்து, சில டிகிரி உள்பக்கமாகச் சாய்த்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துப் பொருத்தினார்கள். கால் நேராக இருக்கும்போதே பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார்ந்துவிடுகிறது. அகட்டியே வைத்திருக்க வேண்டியதில்லை. கால் ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டையாகலாம், கொஞ்ச காலம் சாய்ந்து நடப்பான் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அப்படியே ஆயிற்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைக்கிறவர் வலது ஷூவுக்கு அடியில் ஒரு அட்டை ஒட்டிக் கொடுத்தார். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆறு மாதம் வலது கால் தரையில் ஊன்றக்கூடாது. அறுவை சிகிச்சையைவிட அதுதான் கொடுமை. எட்டு வயதுப் பையனை ஓடாதே என்று சொல்வதைவிட மூச்சுவிடாதே என்று சொல்வது எளிது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, சமயத்தில் நம்மைவிட வேகமாகப் போவான். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே உட்கார வைக்காமல், பி.டி. மாஸ்டர் அவன் கையில் ஒரு விசிலும் ஸ்கோர் நோட்டும் கொடுத்தார். அந்த விசிலை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவான்.

என் பிள்ளைகளில் பலர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்காக இந்தப் பத்தி. பாடம் நடத்தும்போது நாம் முகத்தைப் பார்க்கிறோம். வராந்தாவில் நடக்கும்போது காலையும் பாருங்கள். நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தாங்கி நடந்தால், முட்டி வலி, தொடை வலி என்று சொன்னால், சம்மணம் போட முடியாமல் தவித்தால், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று பெற்றோரைக் கேளுங்கள். காய்ச்சலும் சேர்ந்து, காலை ஊன்றவே மாட்டேன் என்றால் அது வேறு, மூட்டில் சீழ் வைத்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எண்பதுகளில் என்னிடம் படித்த ஒரு பையன் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். ஊரே போலியோ என்றது. போன வருஷம் சின்னவன் விஷயம் கேள்விப்பட்டு கோயம்புத்தூரிலிருந்து பேசினான். நாற்பத்தாறு வயதில் இடுப்பு மூட்டையே மாற்றியிருக்கிறார்கள். அப்போதுதான் டாக்டர் படத்தைப் பார்த்து, "சின்ன வயசுல பெர்த்தஸ் வந்து தானா ஆறியிருக்கு, தட்டையா ஆறியிருக்கு" என்று சொன்னாராம். "எனக்குப் போலியோவே வரல டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை. உருண்டையாக ஆறினால் ஆயுசுக்கும் உழைக்கிற மூட்டு, தட்டையாக ஆறினால் நடுவயதிலேயே தேய்ந்துபோகிறது. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

போன வாரப் படத்துக்கு வருகிறேன். பந்தின் வெளி ஓரத்தில், காலியாகக் கிடந்த இடத்தில், புது எலும்பு கட்டியிருக்கிறது. உருவம் முழு நிலா இல்லை. ஓரத்தில் லேசாக அமுங்கின பணியாரம். கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. டாக்டர் நல்ல முன்னேற்றம் என்றார், உத்தரவாதம் என்று சொல்லவில்லை. வளர்ச்சி முடிகிற வரைக்கும் அந்தப் பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்குமாம். வருஷத்துக்கு ஒரு படமாவது எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். குதிக்கிற விளையாட்டு இப்போதைக்குக் கிடையாது. சம்மணம் போட்டால் வலது முட்டி இன்னும் நாலு விரல்கடை தூக்கி நிற்கிறது. தாத்தாவுக்கும் மூட்டுவலியால் அதே நாலு விரல்கடைதான் என்பதால் இரண்டு பேருக்கும் போட்டி.

காலாண்டு லீவில் பிளேட்டை எடுக்கப் போகிறார்கள். சின்னவன் டாக்டரிடம், "அந்த பிளேட்டையும் ஸ்க்ரூவையும் என்கிட்டயே தருவீங்களா?" என்று கேட்டான். கழுவித் தருகிறேன் என்றார் அவர். மொத்தம் எத்தனை ஸ்க்ரூ என்று எக்ஸ்ரேயைப் பார்த்து எண்ணி, பென்சில் டப்பாவில் இப்போதே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான்.